இருபது ஏக்கர் எண்ணெய்

தேடப்படும் ஆளைப் பற்றி ஊர் முழுக்க ஒரே பேச்சைப் பேசினால், பவானேஸ்வரிக்கு அந்தப் பேச்சின் மீதுதான் முதலில் சந்தேகம் வரும். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைத் துருவித் துருவியே இளமையைச் செலவழித்தவள் அவள். அந்த வேலையை உதறிவிட்டு, மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். உதவிக்கு ஒரே ஆள், காளிதாஸ். ஐம்பத்தைந்து வயது. பழைய டாட்சன் டாக்சியும் ஓயாத வாயும் அவருடைய சொத்து.

அன்று காலை அந்த டாக்சி ஜாசினைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே கெலாடி தோட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தேடப்படும் ஆளின் பெயர் திருச்செல்வம். தேடச் சொன்னவர் நவரட்ணம்.

நவரட்ணம் முந்தின நாள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நில அளவைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. உட்காருவதற்கு முன்பே அறையை ஒருமுறை கண்ணால் அளந்து, பதினொன்றுக்குப் பதினான்கு அடி, கிழக்குச் சுவர் ஒரு அங்குலம் சாய்வு என்று சொன்னார். காளிதாஸ் டேப்பை எடுத்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது.

விஷயம் இதுதான். கெலாடி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் ஒரு சங்கம் வைத்து ஐம்பத்திரண்டு ஏக்கர் வாங்கின. செம்பனை போட்டு, வீடு கட்டி, அங்கேயே வாழ்கின்றன. போன வருடம் ஒரு எண்ணெய்க் கம்பெனி வந்தது. உங்கள் காலுக்குக் கீழே பெட்ரோல் இருக்கிறது, கிணறு தோண்டக் கொஞ்சம் நிலம் கொடுங்கள், லாபத்தில் பங்கு தருகிறோம் என்றது. சங்கம் சம்மதித்தது. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நிலத்தை மாற்றிக் கொடுக்கச் செயலாளர் கையெழுத்தும் வேண்டும். செயலாளர் திருச்செல்வம் போன மாதம் ஆளே காணாமல் போய்விட்டான்.

எவ்வளவு நிலம் என்று பவானேஸ்வரி கேட்டாள்.

"கிணறு தோண்ட வேணும், குழாய் அடுக்க வேணும், லொறி திரும்ப வேணும். இருபது கேட்டவை. பெரிசா ஒண்டுமில்லை," என்றார் நவரட்ணம். பிறகு சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சனம் பாவம், பிள்ளை. அந்தப் பெடியன் ஒரு கையெழுத்தைப் போட்டிட்டு எங்கை வேணுமெண்டாலும் போகட்டும். அவன் எங்கை இருக்கிறான் எண்டு மட்டும் எனக்குச் சொல்லுங்கோ," என்றார்.

ஒரு பெரிய மனிதர் தோட்டத்து மக்களுக்காக இவ்வளவு அலைகிறாரே என்று பவானேஸ்வரிக்கு அவர்மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் பிறகு அவளை ரொம்ப நேரம் குத்திக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் சங்கத் தலைவர் அப்புசாமியைப் பார்த்தார்கள். முன்பு மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். இப்போது குரல் தாழ்ந்திருந்தது. சங்கக் கூட்டத்தில் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னது திருச்செல்வம்தான் என்றார். மலாய் நன்றாகப் படிக்கிறவன், அவனைச் செயலாளராக்கியது நான்தான் என்று தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனியிடம் தனியாக ஏதோ வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊரே பேசுகிறது. மற்றபடி எல்லாம் முறையாகத்தான் நடந்தது. நவரட்ணம் சாரே வெயிலில் நின்று எல்லைக் குச்சிகளை ஊன்றினார் என்றும் சொன்னார்.

கம்பெனி போட்டிருந்த சோதனைக் குழி தோட்டத்து மண்டபத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றிக் கம்பி வேலி. ஒரு இயந்திரம் வந்து குடைந்ததும் கறுப்பாக எண்ணெய் பொங்கியதாம். மக்கள் அதைப் போத்தலில் பிடித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். காளிதாஸ் வேலிக்குள் கையை விட்டு, குழாயின் விளிம்பில் படிந்திருந்ததை விரலால் வழித்து, தேய்த்து, முகர்ந்தார்.

"பாஸ், இது பூமிக்கு அடியிலேர்ந்து வரல. ஒர்க்‌ஷாப்லேர்ந்து வந்திருக்கு," என்றார்.

"என்னண்ணே அது?"

"மிஞ்யாக் ஈத்தாம். எஞ்சின்ல போட்டு ஓட்டி முடிச்ச பழைய எண்ணெய். என் வண்டிக்கு மாத்துறப்ப வடியுமே, அதே நாத்தம். முப்பது வருஷமா மோந்துகிட்டு இருக்கேன்லா. என் பொண்டாட்டி சமையல்கூட எனக்கு இவ்வளவு நிச்சயமாத் தெரியாது."

அப்புசாமிக்குக் கேட்காத தூரத்தில்தான் அவர் அதைச் சொன்னார். கிழவரின் முகத்தைப் பார்த்தபோது பவானேஸ்வரிக்கும் உடனே சொல்ல மனம் வரவில்லை. முதலில் ஆளைப் பிடிப்போம், அவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

திருச்செல்வத்தின் வீடு வரிசையில் கடைசி. அவனுடைய மனைவி ஜெயா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். அக்கம்பக்கத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. பவானேஸ்வரி தான் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வருவதாகச் சொன்னாள். புருஷன் பேரில் ஒரு பாலிசி இருக்கிறது, அவரைப் பார்த்தால்தான் எதுவும் செய்ய முடியும் என்றாள். தொழிலில் நூறு முறை சொன்ன பொய். ஆனால் ஜெயாவின் முகம் சட்டென்று இளகிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். புருஷன் போன இடம் தெரியாது என்றாள். சாப்பாட்டுக்கே சிரமம், ஓடையோரத்துக் கீரையைப் பறித்துத்தான் நாள் ஓடுகிறது என்றும் சொன்னாள்.

காளிதாஸ் கைகழுவப் போகிற சாக்கில் கொல்லைப்புறம் போய்விட்டு வந்தார். விடைபெற்றுக்கொண்டு டாக்சியில் ஏறியதும் கேட்டார்.

"கடலுக்கும் இந்தத் தோட்டத்துக்கும் எவ்வளவு தூரம் பாஸ்?"

"ஏன்?"

"குப்பைக் குழி நிறைய நண்டு ஓடு கிடக்கு. புதுசு. கீரை பறிக்கிற ஓடையில நீல நண்டு மேயாதுலா. கூடவே கரி படிஞ்ச வாழையிலை. மீனைச் சம்பல் தடவி இலையில சுத்திச் சுட்டுத் தர்றது கடலோரத்து உம்பாய்லதான். அங்க கடைக்காரங்களுக்கு மிச்சமாகிறது இங்க யாருக்கோ பஸ்ல வருது."

திருச்செல்வம் ஊரை ஏமாற்றி ஓடியவனாக இருந்தால், கடையில் மிச்சமாகிற நண்டையா வீட்டுக்கு அனுப்புவான்? இந்தக் கேள்வி பவானேஸ்வரிக்கு எழுந்தது. ஆனால் அவள் அதைத் தள்ளி வைத்தாள். ஆள் இருக்கிற இடம் தெரிந்துவிட்ட திருப்தியில் இருந்தாள்.

தோட்டத்து மளிகைக் கடையில் காசு போட்டுப் பேசும் டெலிபோன் இருந்தது. முதலில் பழைய கம்பெனித் தோழி ஒருத்தியை அழைத்தாள். எண்ணெய்க் கிணறுகளுக்கு இன்சூரன்ஸ் எழுதும் பிரிவில் இருப்பவள். தரையில் ஒரு கிணறு தோண்ட எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டதற்கு, கோபுரம், சேற்றுக் குளம், குழாய், ஆட்கள் தங்கும் கொட்டகை எல்லாம் சேர்த்தாலும் நாலைந்து ஏக்கர் தாராளம் என்றாள் தோழி. இரண்டு மூன்று கால்பந்துத் திடல் அளவு. அதற்கு மேல் கேட்டால் அவர்கள் வேறு எதற்கோ கேட்கிறார்கள் என்று சிரித்தாள்.

அடுத்து நவரட்ணத்தை அழைத்தாள். குழியில் இருப்பது பழைய எஞ்சின் எண்ணெய் என்றாள். இருபது ஏக்கர் தேவையே இல்லை என்றாள். 

"ஆள் எங்கை?" என்றார் அவர்.

"உம்பாய். சுட்ட மீன் கடைகள்ல எங்கயோ வேலை செய்யிறாரு. நாங்க அங்கதான் போறோம்."

"நல்லது, பிள்ளை," என்று போனை வைத்துவிட்டார்.

தோட்டத்தை விட்டு வெளியேறும் செம்மண் பாதையில் டாக்சி மெதுவாக ஊர்ந்தது. பாதையோரம் சிவப்புப் பெயிண்ட் பூசிய குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. இருபது ஏக்கருக்கு இவ்வளவு நீள வேலியா என்று காளிதாஸ் முணுமுணுத்தார். பவானேஸ்வரி அவரை வண்டியைத் திருப்பச் சொன்னாள். மூலைக் குச்சிக்குப் போய், அங்கிருந்து குச்சி வரிசையை ஒட்டியே ஓட்டச் சொன்னாள். டாக்சி ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை அவளே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதல் மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு அரை கிலோமீட்டர். அங்கே திரும்பினால், அடுத்த பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பூஜ்யம் புள்ளி நாலு.

"நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் ஒரு கட்டம்னு வச்சுக்குங்கண்ணே," என்றாள். "நீளத்துக்கு அஞ்சு கட்டம். அகலத்துக்கு நாலு கட்டம்."

"அஞ்சு நாலு இருபது. இருபதுதான் பாஸ். சொன்ன சொல்லு தவறல."

"இருபது என்ன?"

காளிதாஸ் பிரேக்கை மிதித்தார்.

"நூறுக்கு நூறு மீட்டர் ஏக்கர் இல்லண்ணே. ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர். இருபதைப் பெருக்குங்க."

அவர் பெருக்கினார். ஐம்பது ஏக்கருக்கு ஒரு பிடி குறைவு. சங்கத்துக்கு இருப்பதே ஐம்பத்திரண்டு. அவர் பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தார். வீட்டு வரிசை, மண்டபம், காய்த்துக் கிடக்கும் செம்பனை, எல்லாம் சிவப்புக் குச்சிகளுக்கு உள்ளே இருந்தன. வெளியே மிஞ்சியது ஓடையோரத்து லாலான் புல்லும் சேறும்தான்.

"முப்பத்திரண்டு ஏக்கர் கையில இருக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்களே பாஸ்," என்றார். அதில் கேலி எதுவும் இல்லை.

 பவானேஸ்வரி முந்தின நாளை நினைத்துக்கொண்டிருந்தாள். உட்காருவதற்குள் அறையை அடிக்கணக்கில் சொன்னவர், சுவரின் சாய்வை அங்குலத்தில் சொன்னவர், நிலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இருபது என்று நிறுத்திக்கொண்டார். வாழ்நாள் முழுக்க நிலம் அளந்தவர் எத்தனை என்று சொன்னார். எது என்று சொல்லவில்லை. குச்சிகளை ஊன்றியதும் அவர்தான். எண்ணெய் பொய் என்று போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவும் இல்லை, ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. ஆள் எங்கே என்பது ஒன்றைத்தான் கேட்டார்.

திருச்செல்வம் ஒளிந்திருக்கிறவரை அந்தக் கையெழுத்து விழாது. கையெழுத்து விழாதவரை நிலம் சங்கத்துடையது. ஊர் முழுக்க யாரைத் திட்டுகிறதோ அவன் ஓடிப்போனதால்தான் அவர்கள் காலுக்குக் கீழே மண் இருக்கிறது. அவனைத்தான் அவள் இப்போது போனில் காட்டிக் கொடுத்திருந்தாள்.

"அண்ணே, உம்பாய்க்கு எவ்வளவு சீக்கிரம் போகலாம்?"

"அவரு டவுன்லேர்ந்து வர்றாரு. நம்மள விடப் பக்கம்," என்றார் காளிதாஸ். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டினார். காளிதாஸ் பேசாமல் வண்டி ஓட்டியதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

உம்பாயில் கடைகள் அப்போதுதான் அடுப்பு மூட்டத் தொடங்கியிருந்தன. கடலிலிருந்து காற்று அடித்தது. வரிசையின் கோடியில் நவரட்ணத்தின் சாம்பல் நிற வோல்வோவும், அதை ஒட்டி ஒரு புத்தம்புதிய கறுப்பு பெர்டானா காரும் நின்றன.

கடையின் பின்பக்க மேசையில் நாலு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கழுத்தில் டை கட்டி, கையில் ஹேண்ட்போன் வைத்திருந்த இளைஞன் எண்ணெய்க் கம்பெனி மேனேஜர் கவிநேசன். அவனுக்கு எதிரே ரப்பர் பூட்சும் ஈர ஏப்ரனுமாக, கன்னம் ஒட்டிப்போன ஒருவன். அது திருச்செல்வம் என்று சொல்லத் தேவையில்லை. பத்திரம் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் மிளகாய் சாஸ் போத்தலை வைத்திருந்தார்கள். மேசையின் ஓரத்தில் நவரட்ணம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருச்செல்வம் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை ஈரமாக இருக்கிறது, பத்திரம் கெட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டே துடைத்தான். பிறகு பேனாவை எடுத்தான்.

"திருச்செல்வம், அதைக் கீழ வைங்க," என்றாள் பவானேஸ்வரி.

"நீங்க யாரு?"

"நீங்க இங்க இருக்கீங்கன்னு இவங்ககிட்டச் சொல்லிக் கொடுத்தவ."

அவன் அவளையே பார்த்தான். கோபப்படவில்லை. எப்படியும் ஒருநாள் யாராவது வந்திருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னான். ஊர்க்காரர்களின் நிலம் தன் வாயால்தான் போனது, கையெழுத்தைப் போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, இந்த ஒளிவு மட்டும் இனி முடியாது என்றான்.

பவானேஸ்வரி அவன் எதிரே உட்கார்ந்து, கூட்டத்தன்று என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் சொன்னான். பத்திரம் மலாயில் இருந்தது. இருபதுக்குப் பக்கத்தில் ஹெக்தார் என்று ஒரு சொல். ஏக்கருக்கு மலாயில் ஏக்கார் என்பது அவனுக்குத் தெரியும். ஒருவேளை இது அதையே பெரிய படிப்பாக எழுதியதோ என்று தோன்றியது. அப்படியும் சந்தேகம் விடவில்லை. பக்கத்தில் இருந்த நவரட்ணம் சாரிடம் குனிந்து கேட்டான். ஏக்கர்தான், வாசி என்றார் அவர். அவன் உரக்க வாசித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

சில வாரம் கழித்து ஜாசினில் நகல் எடுக்கப் போனபோது, கடையில் இருந்த பெண் பத்திரத்தைப் பார்த்து, எங்கள் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர், அதாவது ஒரு ஹெக்டேர்கூடக் கிடையாது, நீங்கள் இருபது விற்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவன் அங்கிருந்து நேராக நவரட்ணத்தின் வீட்டுக்கு ஓடினான்.

"அங்க சார் என்ன சொன்னாரு?"

திருச்செல்வம் நவரட்ணத்தைப் பார்க்காமல் சொன்னான். "வாசிச்சது நீர்தானே, சனம் கேட்டது உம்மடை குரலைத்தானே, என்னை ஆர் கேப்பினம்னாரு. அது உண்மைதானே மேடம். எல்லாருக்கும் கேட்டது என் குரல்தான்."

கவிநேசன் தொண்டையைச் செருமினான். வாயால் சொன்னதெல்லாம் கணக்கில்லை, பத்திரத்தில் இருப்பதுதான் சட்டம் என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தான்.

"தம்பி," என்று காளிதாஸ் குறுக்கிட்டார். "நீங்க எண்ணெய் எடுக்க வந்தீங்களா, எண்ணெய் மாத்த வந்தீங்களா? அந்தக் குழியில கிடக்கிறது வண்டியிலேர்ந்து வடிச்சது. சாமி படத்துக்கிட்ட வீட்டுக்கு ஒரு போத்தல் இருக்கு. ஒண்ண எடுத்துக்கிட்டு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா, அவங்ககிட்டயும் வண்டி இருக்கு, அவங்களுக்கும் மூக்கு இருக்கு."

கவிநேசன் ஹேண்ட்போனைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். சாஸ் போத்தலை நகர்த்திப் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். எழுந்து நின்று, வாங்க சார், போகலாம் என்று நவரட்ணத்தைக் கூப்பிட்டான்.

நவரட்ணம் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். அவர் மேசையில் ஒட்டியிருந்த நண்டுச் சிதறலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கறுப்பு பெர்டானா அவர் இல்லாமலே கிளம்பிப் போனது.

கார் போன பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தினார். தோட்டத்துக்குப் போக வேண்டும், சனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், உங்கள் டாக்சியிலேயே என்னையும் கூட்டிப் போங்கள் என்றார். நாலு பேரும் டாக்சியில் ஏறினார்கள். திருச்செல்வம் முன்னால் உட்கார்ந்தான். பவானேஸ்வரியும் நவரட்ணமும் பின்னால்.

வழியில் அவர் அவளிடம் மட்டும் கேட்கும்படி பேசினார். கூட்டத்துக்குக் கண்ணாடி எடுத்துப் போகவில்லையாம். பத்திரத்தைச் சரியாகப் பார்க்காமல், பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஏக்கர்தான் என்று சொல்லிவிட்டாராம். சார், சார் என்று எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று சொல்ல வரவில்லையாம். குச்சி ஊன்றும்போதுதான் பிழை தெரிந்தது, அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது என்றார். பவானேஸ்வரி நம்பினாள். ஒரு நிமிடம் அவருக்காக வருத்தப்படவும் செய்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. திருச்செல்வத்தைக் கண்டதும் இரண்டு மூன்று பேர் அடிக்கவே பாய்ந்தார்கள். அப்புசாமி தடுத்தார். பவானேஸ்வரி எண்ணெயைப் பற்றியும், குச்சிகளைப் பற்றியும், ஐம்பது ஏக்கரைப் பற்றியும் எளிமையாகச் சொன்னாள். பெண்கள் சிலர் வாசலுக்குப் போய், குச்சிக்கு உள்ளே நின்ற தங்கள் வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

அப்புறம் நவரட்ணம் எழுந்து நின்றார். திருச்செல்வம் தன்னைக் கேட்டுத்தான் வாசித்தான், பிழை தன்னுடையது, அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். டாக்சியில் சொன்ன கண்ணாடிக் கதைக்குத்தான் அடுத்து வருவார் என்று பவானேஸ்வரி காத்திருந்தாள்.

அதற்குள் அப்புசாமி கேட்டார். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கி ஏக்கர்னு சொன்னப்ப, அது ஹெக்டேர்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அது விசாரணை மாதிரி இல்லை. தெரியாது என்று சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சுவதுபோல் இருந்தது. முப்பது வருடம் ஆட்களை மேய்த்த மனிதர், இன்னொரு மனிதருக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டுக் கொடுத்தார்.

நவரட்ணம் அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"வீடு கட்டி விக்கப் போயினம் எண்டும் தெரியும். கிணறு வெறும் நாடகம். அந்த வீட்டு மனை எல்லாத்தையும் அளக்க என்னைத்தான் வைச்சுக்கொள்ளுறம் எண்டு சொன்னவை. ரிட்டையர் ஆன பிறகு ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேட்டு வந்ததில்லை." அவர் இன்னும் ஏதோ சொல்லப்போய் நிறுத்திக்கொண்டார். அவர் காரணம் சொல்லத் தொடங்கியதும் கூட்டம் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டது. அது அவருக்கும் தெரிந்தது.

 அடிக்கப் பாய்ந்தவர்களில் ஒருவர் திருச்செல்வத்தின் தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு வெளியே போனார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பவானேஸ்வரி கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஜெயாவை நெருங்கினாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள்.

"இன்சூரன்ஸ்னு சொன்னீங்களே அக்கா," என்றாள் ஜெயா. "ராத்திரிக்கு அவருக்கு எப்படியாவது சேதி சொல்லிடணும்னு நெனச்சேன். நல்ல சேதின்னு."

 உங்கள் புருஷன் ஒளிந்திருந்ததால்தான் நிலம் தப்பியது என்று சொல்லலாம். நான் தேடியதால் கிட்டத்தட்டப் போயிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பவானேஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜெயா அவளை விட்டு நவரட்ணத்திடம் போனாள். மண்டபத்தின் நடுவே அவர் இன்னும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"பத்திரத்த நிறுத்த நாளைக்கி லேண்ட் ஆபீஸ்ல இதையே சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லுவன்."

"அப்ப இன்னிக்கி எங்க வீட்டுலயே படுத்துக்குங்க. டவுனுக்குப் போயி தூங்கி எழுந்தா உங்களுக்கு மனசு மாறிடும்."

அவர் திகைத்துவிட்டார். உங்கள் வீட்டில் நான் எப்படி என்று தடுமாறினார். அவர் திருச்செல்வத்தைப் பார்த்தபோது அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"எனக்கும் புடிக்கலதான்," என்றாள் ஜெயா. "வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். கொஞ்சம் தள்ளித் திருச்செல்வம். இன்னும் தள்ளி நவரட்ணம். வீட்டு வரிசையில் கதவுகளுக்கு வெளியே நின்ற ஆட்கள் மூவரும் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்து வாசலில் காளிதாஸ் டாக்சியை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டீயரிங்கில் கை வைத்துக் காத்திருந்தார். காலையில் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். சீக்கிரமே என்றாள் பவானேஸ்வரி. கடைசி வீட்டின் விளக்கு எரிந்தது. திறந்த கதவு வழியே உள்ளே தெரிந்தது. ஜெயா பாயை உதறி விரித்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். நவரட்ணம் தன் கறுப்பு ஷூக்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டில் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.